கடைமடைச் சிற்றூர்

ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் அதனைத் திணைக்குப் பகுத்துப் பார்ப்பது தமிழ் பயில்வார் வழக்கம். சிறுகுடியும் குறிச்சியும் குறிஞ்சிக்கு உரியன, பேரூரும் மூதூரும் மருதத்துக்கு உரியன, பட்டினமும் பாக்கமும் நெய்தலுக்கு உரியன என்று அகப்பொருள் இலக்கணம் வரையறுத்து வைத்திருக்கின்றது. இவ்வரையறையை நெஞ்சிற்கொண்டு, நாகப்பட்டின மாவட்டத்துக் கீழ்வேளூர் வட்டத்திலுள்ள பாலக்குறிச்சியை அணுகுவோர் திகைப்படைவர். பெயரோ குறிச்சி, கண்ணுக்கெட்டிய வரையில் மலையும் இல்லை, குன்றும் இல்லை. ஆற்று வண்டல் படிந்த நெல்வயலே எத்திசையிலும் பரந்து கிடக்கின்றது. கிழக்கே சில கல் தொலைவு சென்றால் கடல். அங்கேதான் பட்டினம் என்னும் பெயர் தனக்குரிய இடத்தில் நிற்கின்றது. பெயரால் குறிஞ்சி, தொழிலால் மருதம், காற்றால் நெய்தல் என இவ்வூரை ஒருவாறு கூறலாம். ஊருக்குப் பெயரிட்ட முன்னோர் இலக்கணம் கற்று இட்டாரல்லர் போலும்.

இச்சிற்றூரை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதற் பேராசிரியராக 1915-ஆம் ஆண்டில் வந்தமர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்பார், தம் மாணாக்கர் கையில் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துச் சிற்றூர்களை ஆராயச் செய்தார். அங்ஙனம் திரட்டிய செய்திகள், 'தென்னிந்தியக் கிராமங்கள் சில' என்னும் பொருள்படும் பெயரால் 1918-இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. அந்நூலில் இடம்பெற்ற ஊர்களுள் பாலக்குறிச்சியும் ஒன்று. பின்னர் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் என்னும் இருவர் பொறுப்பில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டு 1940-இல் மற்றொரு நூல் வந்தது. 1980-களிலும் ஆராய்ந்தனர். 2019-இல் இவ்வூரும் அருகிலுள்ள வெண்மணியும் ஒருசேர ஆராயப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்குள் இத்துணை முறை வினாவப்பெற்ற உழவூர் நம் நாட்டில் அரிது. முதலாவது ஆராய்ச்சி மாணாக்கரால் இயன்றது என்று எண்ணுங்கால் எமக்குப் பெருமிதம் உண்டாகின்றது. ஆயினும் அந்நாளில் கல்லூரிக்கு வரக்கூடியவர் எவ்வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் எண்ணிக்கொண்டே அதனைப் படித்தல் வேண்டும்.

நிலம் யாருடையது, கூலி எவ்வளவு என்பனவே இத்தகைய ஆராய்ச்சிகளில் தலைமையாகக் கேட்கப்படும் வினாக்கள். இவ்வூரைப் பொறுத்தவரை அவற்றுக்கும் முன்னே கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு என்பது எம் கருத்து. நீர் எந்நாள் வந்தது, எந்நாள் வடிந்தது என்பதே அவ்வினா.

காவிரி கல்லணையை அடைந்ததும் வெண்ணாறு அதனின்று பிரிகின்றது. வெண்ணாறு மேலும் பிரிந்து வெட்டாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, ஓடம்போக்கியாறு, கடுவையாறு எனப் பல கிளைகளாகிக் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னிவாய்க்காலாகி, வரப்பை வெட்டிய மடை வழியே வயலுக்குள் புகும்பொழுது, தஞ்சைத் தரணியின் மேற்கெல்லையிற் கண்ட பேராறு முழந்தாளளவு நீராய்ச் சுருங்கிவிடும். நீர் முதலில் பாயும் இடம் தலைமடை. இறுதியில் பாயும் இடம் கடைமடை. கீழ்வேளூர் வட்டத்து ஊர்கள் கடைமடையைச் சேர்ந்தவை. இச்சொல் அவ்வூரார் வாயில் வெறும் இடப்பெயராக வழங்குவதில்லை. தம் ஊழையே அவர்கள் அச்சொல்லால் உணர்த்துகின்றனர்.

இங்கே நுட்பமான செய்தி ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மேலூர் வயல்களின் வடிகாலே பல இடங்களில் கீழூர் வயல்களுக்குப் பாசன வாய்க்காலாக அமைகின்றது. ஆதலின் மேலூரார்க்கு நீர் வேண்டியபோது அஃது அங்கேயே நின்றுவிடும். வேண்டாதபோது கீழே இறங்கி வரும். வறட்சியும் வெள்ளமும் ஒரே வாய்க்கால் வழியாகத்தான் இவ்வூரை வந்தடைகின்றன. மதகைத் திறக்கும் லஸ்கரிடம் முறையிடுவதும், முறை வைத்துப் பாய்ச்சும் நாளில் இரவெல்லாம் வாய்க்காற் கரையில் காவல் கிடப்பதும் கடைமடை உழவர்க்கு வேளாண்மையின் ஒரு பகுதியே ஆகும்.

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதற்கு முன் ஆற்றுவரவை நம்பியிருந்த டெல்டா, அதன் பின் அணையின் நீர்மட்டத்தை நம்பலாயிற்று. ஜூன் 12 அணை திறக்கும் நாளாக வழக்கில் அமைந்தது. எனினும் அந்நாள் எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை. 2016-ஆம் ஆண்டில் செப்டம்பர் 20-ஆம் நாளில்தான் அணை திறக்கப்பட்டது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையும் பெரிதும் பொய்த்தமையால் கடைமடைச் சம்பா வயலிலேயே கருகிற்று. 2022-இலோ மே 24-ஆம் நாளே திறந்துவிட்டனர். மேற்கே உள்ளோர் ஆழ்துளைக் கிணறு இறக்கி, ஆறு வருமுன்னரே நாற்று விட்டுக்கொள்வர். கடலையடுத்த இப்பகுதியிலோ நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பாதலின் அந்த வாய்ப்பும் குறைவு. வானமும் ஆறும் கைவிட்டால் நாடத்தக்க மூன்றாம் துணை இல்லை.

இந்நிலைக்கு ஏற்பவே பயிரும் அமைகின்றது. குறுவை, சம்பா, தாளடி என்பன டெல்டாவின் மூன்று பட்டங்கள். ஏறக்குறைய நூற்றுப் பத்து நாளில் விளையும் குறுவையை ஜூனில் தொடங்கி, அதனை அறுத்தபின் தாளடி நடுவது நீர்வளம் உள்ள ஊர்களின் முறை. கடைமடையில் சம்பா ஒன்றே உறுதியானது. அதற்கும் நாற்றங்கால் அமைக்க நீர் வருமென்று காத்திராமல், ஆவணி புரட்டாசியில் புழுதியுழுது நேரே விதைத்துவிட்டு மழையை எதிர்நோக்குவோர் பலர். சில நாள் நீரில் மூழ்கினும் தாங்கக்கூடிய நீண்டகால நெல்லே இங்கு விரும்பப்படுவது. சி. ஆர். 1009 என்னும் எண்ணால் அறியப்படும் பொன்மணி அவ்வகையது. குழியடிச்சான், களர்பாலை முதலிய பழைய நெல்வகைகள் உவர்நிலத்துக்கு ஏற்றவை என்று பேணப்பட்டன. பெயரிலேயே களரைக் கொண்ட நெல்லை ஆக்கியவர் எந்நிலத்தில் நின்றிருப்பர் என்று சொல்லவும் வேண்டுமோ? குறுவை விதையோடு ஒட்டடையான் விதையையும் கலந்து விதைத்து, முன்னதை அறுத்தபின் பின்னது தழைத்துப் பிறகு விளையுமாறு செய்த 'உடு' என்னும் முறையும் தஞ்சையில் இருந்தது. ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை.

சம்பாவை அடுத்து வரும் பயறு கடைமடையின் தனிச்சிறப்பு. கதிர் முற்றி அறுப்புக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போதே ஈரமண்ணில் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தூவிவிடுவர். நெல்லை அறுத்து முடிக்கும்போது தாளடியில் பயறு முளைத்திருக்கும். பின்னர் ஏரும் இல்லை, பாய்ச்சலும் இல்லை; மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் தை, மாசிப் பனியையும் பருகியே அது காய்த்துவிடுகின்றது. சம்பா கடனை அடைக்கும், பயறு வீட்டுக்கு உதவும் என்று சொல்லத்தக்க நிலை நல்ல ஆண்டுகளில் உண்டு. தை மாதத்தில் மழை பெய்தாலோ இரண்டும் ஒருங்கே கெடும்.

இனி வடிகாலைப் பற்றிச் சிறிது கூறுவோம். கடல்மட்டத்தைவிடச் சிறிதே உயர்ந்த நிலமாதலின் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் எளிதில் இறங்குவதில்லை. கடல் ஏற்றத்தின்போது ஆற்றுமுகம் நீரை ஏற்க மறுக்கும். இறக்கத்தின்போதே சிறிது வடியும். ஆற்றில் நீர்வரவு குறைந்த காலத்திலோ உவர்நீர் வடிகால் வழியே உள்ளேறும். இதனைத் தடுக்கவே கடலருகில் இயக்கணைகள் கட்டப்பட்டுள்ளன. அவற்றின் கதவு பழுதுற்றால் ஊருக்குள் உப்பு வருகின்றது. உரிய வேளையில் திறவாவிட்டால் பயிர் அழுகுகின்றது. புயல்களோ, 1952, 1977 நவம்பர் மாதங்களில் நாகப்பட்டினக் கரையைத் தாக்கியவையும், 2018 நவம்பர் 16-இல் வந்த கஜாவும் முதியோர் நினைவில் ஆண்டுக்கணக்காகவே நிற்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கரையோர வயல்களில் படிந்த உப்பை நீக்க ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும், மழைநீரைத் தேக்கி வடித்தும் நிலத்தை மீட்டனர்.

ஊரின் அமைப்பை நோக்குவோம். டெல்டாச் சிற்றூர்களில் நிலமுடையார் தெருவும், வயலுக்கு அப்பால் சேரியும் என இருவேறு ஊர்களே உண்டு. சேரி என்னும் சொல் பண்டை வழக்கில் எவ்வகை மக்களும் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்தது; சோழர் கல்வெட்டுக்களில் அந்தணர் வாழ்ந்த பகுதிகளும் சேரி எனப்பட்டன. அச்சொல் பொருள் சுருங்கி, உழைப்பாளரை ஒதுக்கிய இடத்துக்கே உரியதான வரலாற்றைச் சொல்லாராய்ச்சியாக மட்டும் கருத எமக்கு மனம் வரவில்லை. சேரிக்கு வாய்த்தது பெரும்பாலும் தாழ்ந்த நிலம். ஆதலின் வெள்ளம் முதலில் நுழைவதும் இறுதியில் வெளியேறுவதும் அங்கேதான். வாய்க்காலில் ஊருக்குக் கடைமடை. ஊருக்குள் சேரிக்குக் கடைமடை.

கீழத்தஞ்சையில் மிராசுதாரின் நிலத்தைப் பண்ணையாட்கள் உழுதனர். பரம்பரைக் கடனால் பிணிக்கப்பட்ட அவர்களுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது; தவறு செய்தாரென்று கருதப்பட்டவருக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் கிடைத்தன. 1943-இல் இங்கு வந்த பி. சீனிவாசராவ் முதலியோர் உழவர் சங்கம் கண்டபின், 1944-இல் களப்பாள் உடன்படிக்கையும், 1948-இல் மாயூரம் உடன்படிக்கையும், 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. ஆயினும் அறுப்புக்கூலி பற்றிய வழக்கு ஓயவில்லை. 1968 டிசம்பர் 25-ஆம் நாள், உலகெங்கும் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் ஒலித்த இரவில், கீழவெண்மணிச் சேரியில் ஒரு குடிசைக்குள் புகலடைந்திருந்த 44 பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலார் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளரை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பாலக்குறிச்சியின் பக்கத்தில் நிகழ்ந்த இதனை விடுத்து அவ்வூர் வரலாற்றை எழுதுதல் இயலாது.

அதன்பின் நிலம் கைமாறத் தொடங்கிற்று. 1961-இல் 30 தர ஏக்கராக இருந்த உச்சவரம்பு 1970-இல் 15 ஆகக் குறைக்கப்பட்டது. சர்வோதயத் தொண்டர்களான ஜகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் வெண்மணி நிகழ்ச்சிக்குப் பின் இப்பகுதிக்கு வந்து, 1981-இல் லாஃப்டி என்னும் நிலவுரிமை இயக்கத்தை நிறுவினர். நிலமுடையாரிடம் பேசி விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்கள் பெயரிலேயே எழுதிவைப்பது அவர்கள் முறை. 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அவ்வாறு நிலம் பெற்றன.

தஞ்சை வழக்கில் இருபது மா கொண்டது ஒரு வேலி. ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய மூன்று மா. மிராசுதார் வேலிக்கணக்கில் பேசினார். அவர் பண்ணையில் நாற்றுப் பறித்தவள் மகள் இன்று மாக்கணக்கில் தன் நிலத்தைப் பேசுகின்றாள். இது சிறு மாறுதலன்று. ஆனால் நிலம் கைமாறியதுபோல நீர் வழிமாறவில்லை. பத்து வேலி உடையவர் ஒரு சம்பா பொய்த்தாலும் பத்தாயத்து நெல்லைக் கொண்டு அடுத்த ஆடி வரையில் காலம் தள்ளினார். மூன்று மா உடையவளுக்கு ஒரு சம்பா பொய்த்தால் நகை அடகுக்குப் போகின்றது. இரு சம்பா பொய்த்தால் நிலமே போகின்றது. பட்டாவைக் காப்பதும் மதகைக் காப்பதும் அவளுக்கு ஒரே காரியம்.

விளைந்தாலும் கவலை முடிவதில்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் பல நாள் நடந்த அறுப்பு சில நாழிகைகளில் முடிகின்றது. சேரிக்கு அறுப்புக் காலத்தில் கிடைத்த நெல் அந்த அளவுக்குக் குறைந்தது. ஈரநெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுசென்றால் 17 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரத்தை விதி ஏற்பதில்லை; கடற்காற்றும் பனியும் உள்ள ஊரில் நெல்லைச் சாலையிற் பரப்பி உலர்த்த வேண்டியிருக்கின்றது. 2006-இல் தொடங்கிய நூறுநாள் வேலைத் திட்டம் கோடையில் ஒருவாறு துணைசெய்தது. அத்திட்டத்தில் ஊர்ப் பெண்கள் வெட்டியவற்றுள் பாசன வாய்க்கால்களும் உண்டு.

இவ்வூரை இனி ஆராயச் செல்லும் மாணாக்கர்க்கு ஒரு வேண்டுகோள். நாம் ஊர்களை ஆராயப் புறப்படுவது பெரும்பாலும் கோடை விடுமுறையில். சித்திரையில் கடைமடை வயல் வெடித்துக் கிடக்கும்; வாய்க்காலில் ஆடு மேயும்; ஏக்கரையும் கூலியையும் எழுதிக்கொண்டு திரும்பிவிடலாம். கார்த்திகை மழையில் ஒருமுறை சென்று, எவ்வடிகால் எங்கே அடைபட்டது, எந்த இயக்கணை எந்நாள் திறந்தது, யார் வயலில் நீர் எத்தனை நாள் நின்றது, சேரித் தரையில் எத்துணை உயரம் ஏறிற்று என்பவற்றையும் வினாத்தாளில் எழுதிவருவராக.