தளக்கல் கணிக்கும் முறை

இல்லம் அமைப்போர் பலர், அறையின் பரப்பைக் கல்லின் பரப்பால் வகுத்தால் வேண்டிய தளக்கற்களின் தொகை கிடைத்துவிடும் என்று கருதுவர். யானும் அங்ஙனமே கருதினேன். அப்பிழை எனக்குக் கற்பித்த பாடத்தை மாணவ நண்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்கின்றேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையத்தில் உள்ள எங்கள் இல்லத்துக் கூடத்திற்குப் பூவேலை அமைந்த ஆத்தங்குடிக் கல் பாவ வேண்டுமென்று என் தந்தையார் விரும்பினார். காரைக்குடிக்கு அண்மையிலுள்ள ஆத்தங்குடியில் இக்கல்லைக் கையாற் செய்கின்றனர். கண்ணாடித் தகட்டின்மீது சட்டம் வைத்து, வண்ணங் கலந்த சிமெந்துக் குழம்பை அச்சில் வார்த்து, அதன்மேல் மணலும் சிமெந்தும் இட்டு, உலர்ந்தபின் நீரில் ஊறவைப்பர், சூளையிற் சுடுவதில்லை. வண்ணமும் கைக்கலவையே ஆதலின், ஒருமுறை அமைந்த சாயல் மறுமுறை அவ்வாறே அமைதல் அரிது.

கூடத்தின் நீளம் 14 அடி 6 அங்குலம். அகலம் 10 அடி 6 அங்குலம். கல் பக்கத்திற்கு 10 அங்குலமுடைய சதுரம். 174-ஐ 126-ஆற் பெருக்கின் 21,924 சதுர அங்குலம். அதனை 100-ஆல் வகுத்து, 220 கல் போதும் என்று தந்தையாரிடம் கூறினேன். கற்களும் வந்தன.

கொத்தனார் ஒருமுறை நோக்கிவிட்டு, "தம்பி, பரப்பைக் கண்டீர்கள், வரிசையை எண்ணினீர்களா?" என்றார். நீளத்தில் 17 முழுக்கல் வைத்தபின் 4 அங்குலம் எஞ்சும். அகலத்தில் 12 வைத்தபின் 6 அங்குலம் எஞ்சும். ஆகவே வேண்டுவன 18 வரிசையில் 13 வீதம் 234 கற்கள். பூவில்லாத ஒரே நிறக் கல்லாயின், ஓரத்தில் 6 அங்குலம் வெட்டிய கல்லின் எஞ்சிய 4 அங்குலத் துண்டு மறுபக்க ஓரத்திற்கு உதவும். 221 கற்களில் வேலை முடியும். பூக்கல்லிலோ அத்துண்டை வைப்பின் பூ இடைமுறிந்து தோன்றும்.

பதினான்கு கல் குறைந்தது. வெட்டுகையில் மூன்று உடைந்தன. பதினேழு கல்லுக்கு மீண்டும் எழுதினோம். வந்தவை சற்றே வெளிறியிருந்தன. தந்தையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அவ்வரிசையின்மீது தம் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கடிந்திருப்பின் எனக்கு இத்துணை வருத்தம் இராது.

ஆதலின் முறை இதுவாகும்: நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே கல்லின் அளவால் வகுத்து, மிச்சம் எத்துணைச் சிறிதாயினும் ஒரு கல்லாகக் கொள்க. பின்னர் இரண்டையும் பெருக்குக. உடைவிற்காக இருபதில் ஒரு பங்கு, அதாவது நம் முன்னோர் 'மா' என்று வழங்கிய பின்னம், கூட்டுக. 234-க்கு ஒரு மா 11.7, அதனைப் பன்னிரண்டாகக் கொள்ளின் மொத்தம் 246. அனைத்தையும் ஒரே முறையில் வாங்குக. எஞ்சியவற்றைப் பின்னாளைய பழுதிற்கெனப் பேணி வைக்க.

தாளில் மிச்சம் வெறும் பின்னம். தரையிலோ அது ஒரு முழுக்கல். என் பெருக்கலில் பிழையில்லை. அளக்கப்படும் பொருளின் இயல்பை நோக்காமையே பிழையாயிற்று.