சிகிச்சைச் செலவும் ஐக்கிய சங்கங்களும்

கிராமக் குடும்பங்களின் கடன் கணக்கை ஆராய்வோருக்கு ஒரு விஷயம் எளிதில் விளங்கும். விதைக்கும் உழவு மாட்டுக்கும் பெற்ற கடன் மகசூலால் தீரும். ரண சிகிச்சைக்காகப் பெற்ற கடனைத் தீர்க்க நிலத்தையே விற்க நேரிடும். இவ்விஷயத்தில் கர்நாடகத்து ஐக்கிய சங்கங்களின் அனுபவம் நம் அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்கது.

அங்கு 2003-ம் வருஷம் ஜூன் மாதம் 'யசஸ்வினி' என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பெங்களூர் இருதய ரண வைத்தியர் டாக்டர் தேவி ஷெட்டி இதற்கு யோசனை கூறியவர்களில் முக்கியமானவர். ஐக்கிய சங்க அங்கத்தினர் ஒருவருக்குச் சந்தா மாதம் 5 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 60 ரூபாய். அரசாங்கமும் பொருளுதவி செய்தது. முதல் வருஷத்திலேயே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தனர்.

இத்தனை பேரிடம் வசூல் செய்தவர் யார்? கடன் சங்கத்திலும் பால் சங்கத்திலும் அன்றாடம் கணக்கெழுதும் காரியதரிசிகளே. ஜனங்கள் நம்பிப் பணம் கொடுத்ததற்கு இதுவே முக்கிய காரணம் என்பது எமது அபிப்பிராயம்.

ரண சிகிச்சை தேவைப்பட்டவர் அடையாளச் சீட்டுடன், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குச் செல்வார். ஆஸ்பத்திரியார் முன் அனுமதி பெற்றுச் சிகிச்சை செய்து, நிர்ணயித்த விகிதப்படி பணத்தைத் திட்டத்தின் நிதியிலிருந்து பெற்றுக்கொள்வர்.

பின்னர்ச் சந்தா 120 ரூபாயாக உயர்ந்தபோது பலர் விலகினர். இங்குதான் அபாயம் இருக்கிறது. திடகாத்திரமுள்ளோர் விலகி, சிகிச்சை வேண்டுவோர் மாத்திரம் எஞ்சினால் எந்த நிதியும் வற்றிப்போகும். ஒரு வருஷம் நோயின்றிக் கழிந்தால் கட்டிய பணம் வீணாயிற்றென்று குறைகூறுவோர் நம் சங்கங்களிலும் உண்டல்லவா?

திட்டம் 2018-ல் அரசாங்கத்தின் பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, 2023 ஜனவரியில் மீண்டும் தனியாகத் தொடங்கிற்று. அப்போது நால்வருள்ள கிராமக் குடும்பத்துக்குச் சந்தா 500 ரூபாய். சிகிச்சைக்கு உச்சவரம்பு 5 லட்சம்.

ஆயினும், தொடக்கந்தொட்டு ஒரு குறை இருந்தது. சாதாரணக் காய்ச்சலுக்கும், தினந்தோறும் உட்கொள்ளும் மருந்துக்கும் இந்நிதி பொறுப்பேற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளோ நகரங்களில் இருந்தன. பஸ் சார்ஜும், உடன் செல்வோரின் கூலி நஷ்டமும் குடும்பத்தின் தலையிலேயே விழுந்தன. ஆஸ்பத்திரியில் பணம் கேட்கமாட்டார்கள் என்றறிந்தும், அங்கே போய்ச்சேர வழியில்லாதவனுக்கு அந்தச் சீட்டினால் என்ன பயன்?

இக்குறையை நீக்கப் பெருந்தொகை வேண்டுவதில்லை. சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து வண்டிச் செலவுக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி, இரவிலும் தாமதமின்றிக் கொடுக்கும் அதிகாரத்தைக் கிராமத்திலேயே வசிக்கும் ஒரு பஞ்சாயத்தாரிடம் ஒப்புவிக்கலாம். உபவிதிகள் இதற்கு இடந்தருகின்றனவா என்பதை அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு முன்பே காரியதரிசியிடம் விசாரித்து அறிந்துகொள்க.