சின்ன வயசில் இடுப்பு மூட்டு மாற்றம்

மலையில் இறங்கும்போது ஒரு கால் இழுக்குது, கவட்டியில் குத்துது, ராத்திரி புரண்டு படுக்க முடியல்லை. இப்படிச் சொல்லும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்களை நாம் லயங்களில் பார்க்கிறோம். "வாயு பிடிச்சிருக்கு" என்று தைலம் தேய்த்தே வருடங்கள் போய்விடுகின்றன. சிலருக்கு இடுப்பு மூட்டின் வலி முழங்காலில்தான் தெரியும்.

இந்த மூட்டு, கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்த மாதிரி. தொடையெலும்பின் தலைதான் பந்து. அதற்குப் போகும் இரத்தம் தடைப்பட்டால் எலும்பு செத்து, மெதுவாக நொறுங்கிச் சப்பையாகிவிடும். இளவயதில் மூட்டு கெட இது ஒரு முக்கிய காரணம். சரிவில் விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்தவர்களுக்கும், ஸ்டீரோயிட் மருந்து நெடுநாள் எடுத்தவர்களுக்கும் வரலாம். சாராயமும் கசிப்பும் அளவு மீறினாலும் வரும். இதைச் சொன்னால் சில அண்ணன்மாருக்குக் கோபம் வரும், வரட்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். பந்து நொறுங்குமுன் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

நொறுங்கிய பின் பலருக்கு மூட்டை மாற்றுவதுதான் வழி. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்ற வைத்தியர் 1962இல் உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்துச் செய்த முறையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய சத்திரசிகிச்சை.

"உனக்கு வயசு காணாது, பொறுத்துக்கொள்" என்று இளையவர்களுக்குச் சொல்வதுண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வொன்றின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் 100க்கு 58 அளவில்தான் 25 வருடம் தாங்குகின்றன. முப்பதில் போட்டால் பிறகு இன்னொரு முறை திறக்க வேண்டி வரலாம்; இரண்டாவது தடவை முதலாவதைவிடக் கடினம். ஆனாலும் வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கிளினிக்கில் தலையாட்டிவிட்டு வராமல் கேளுங்கள்: "ஐயா, எத்தனை நாள் பொறுக்கணும்? பொறுத்தா எலும்பு இன்னும் கெடுமா? அதுவரைக்கும் என்ன செய்யலாம்?" எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எத்தனை நாள் அரைப்பேரோடு திரும்பினீர்கள், ராத்திரி எத்தனை தடவை விழிப்பு வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

செயற்கை மூட்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். ஜனாதிபதி நிதிய உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் சத்திரசிகிச்சைக்கு முன்பே விசாரியுங்கள். சொத்தைப் பல், கால் புண் இருந்தால் ஆற்றிக்கொள்ளுங்கள். கிருமி புது மூட்டில் போய் உட்கார்ந்தால் பெரிய தொல்லை.

வீட்டு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. முதல் சில கிழமைகள் இடுப்பை அதிகம் மடக்கினால் மூட்டு கழன்றுவிடலாம். குந்தும் கக்கூசுக்குப் பதில் கொமட் கதிரை ஒன்று இரவல் பிடித்து வையுங்கள். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து அடுப்பு ஊதுவதை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும்.

வேலைக்குத் திரும்புவது அவரவர் மூட்டைப் பொறுத்தது. சுமையோடு சரிவில் ஏறி இறங்கலாமா என்று வைத்தியரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு துரையைப் பாருங்கள். பிள்ளைக்காம்பரா வேலையோ, ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலையோ கேட்பதற்கு அந்தத் துண்டு உதவும்.