கரம் காய்களுக்கு ஒரு பெட்டி: அளவெடுத்தலும் அச்சிடலும்

தோட்டக் காணி கைக்கு வராத குடும்பம் குந்தியிருந்து செய்யக்கூடிய தொழில்கள் சிலவே. அவற்றுள் ஒன்றை இவ்விதழில் படிப்போம். விளையாட்டுக் காய்களை வைப்பதற்கு, அவற்றின் அளவுக்கேற்ப அச்சிட்ட மட்டைப் பெட்டி செய்தல் என்பதே அது. சிறு தொழில் என்று இதனைத் தள்ளிவிட வேண்டாம். ஊர்தோறும் வாசிகசாலையிலும் சனசமூக நிலையத்திலும் கரம் பலகை கிடக்கின்றது. காய்களோ பழைய பொலித்தீன் பையிலோ பால்மா ரின்னிலோ கிடக்கின்றன. ஒரு காய் தொலைந்தால் முழு ஆட்டமும் நின்றுவிடும்.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களுக்கும், 2009 இல் முல்லைத்தீவுக் கரையோரமாக நகர்ந்தவர்களுக்கும் அவசரத்தில் பொருள் கட்டுவது எப்படி என்று நாம் சொல்லத் தேவையில்லை. எது உள்ளே இருக்கிறது, எது விடுபட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகின்ற பெட்டியே நல்ல பெட்டி. நாம் செய்யப்போவதும் அத்தகையதுதான்.

முதலில் காயை அளக்க வேண்டும். பெட்டியை முதலில் செய்துவிட்டுக் காயை அதற்குள் திணிக்கப் பார்ப்பது பலருடைய வழக்கம். நோவாவின் பேழைக்குக்கூட 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் என அளவு சொல்லப்பட்ட பின்னரே வேலை தொடங்கிற்று. உள்ளே அறைகளும் வகுக்கப்பட்டன.

கரத்தில் வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1, அடிக்கும் ஸ்ரைக்கர் 1, ஆக 20 உருப்படிகள். சர்வதேச விதியின்படி காயின் விட்டம் 30.2 முதல் 31.8 மில்லிமீற்றர் வரையும், தடிப்பு 7 முதல் 9 மில்லிமீற்றர் வரையும் இருக்கலாம். ஸ்ரைக்கரின் விட்டம் 41.3 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. ஆனால் கடையில் வாங்கும் காய்கள் இவ்விதிக்குக் கட்டுப்பட்டவை என்று நம்பி வெட்டத் தொடங்காதீர்கள். ஒரு காயின் தடிப்பை அளந்து ஒன்பதால் பெருக்குவதும் சரிவராது. ஒன்பதையும் அடுக்கி, அடுக்கையே அளவுங்கள்.

அடுக்கு 72 மி.மீ. நீளமும், காய் 31 மி.மீ. விட்டமும், ஸ்ரைக்கர் 41 மி.மீ. விட்டமும் உடையன என்று வைத்துக்கொள்வோம். விரல் நுழையவும், மழைக்காலத்தில் மட்டை ஊதவும் 3 மி.மீ. இடம் விடுவோம். அடுக்குகளைப் படுக்கவைக்க 34 மி.மீ. அகலத்தில் இரண்டு அறைகளும், ஸ்ரைக்கருக்கும் சிவப்புக் காய்க்கும் 44 மி.மீ. அகலத்தில் ஓர் அறையும் தேவை. இடையே 2 மி.மீ. தடிப்பான தடுப்பு மட்டைகள் இரண்டு. ஆகவே உள் அகலம் 116, உள் நீளம் 75, உயரம் 43 மி.மீ. ஆகும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. உயரம் ஸ்ரைக்கருக்குப் பொருந்துகிறது, காய்களுக்கோ அதிகம். பெட்டி கவிழ்ந்தால் காய்கள் குலுங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். எனவே 54 மி.மீ. அகலமும் 75 மி.மீ. நீளமுமான மெல்லிய மட்டையை இருபுறமும் 10 மி.மீ. மடித்து, ஒரு சிறு வாங்கு போலாக்கி, காய் அறைகளின் அடியில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். மூன்றாம் அறையில் மிஞ்சும் இடத்தில் பலகை துடைக்கும் துணியை மடித்து வைக்கலாம். பவுடரை இதற்குள் வைக்கவே கூடாது. அதற்கு மூடியுள்ள போத்தல் இருக்கட்டும்.

பெட்டியின் அடியும் நான்கு சுவர்களும் ஒரே மட்டையில் அமையும். 202 மி.மீ. நீளமும் 161 மி.மீ. அகலமும் கொண்ட துண்டின் நான்கு மூலைகளிலும் 43 மி.மீ. சதுரங்களை வெட்டி நீக்கினால் சிலுவை வடிவம் கிடைக்கும். மடிப்புக் கோட்டில் வெளிப்பக்கம் பாதித் தடிப்பு மட்டும் வெட்டி, வெட்டு வெளியே தெரியும்படி மடித்து, மூலைகளைத் துணிக்கீலத்தால் ஒட்ட வேண்டும். மூடியின் உள் அளவு பெட்டியின் வெளி அளவிலும் 2 மி.மீ. கூடியிருந்தால் இறுகாமல் கழரும். நல்ல மட்டையில் கத்தி வைக்குமுன் பிஸ்கற் பெட்டி மட்டையில் ஒன்று செய்து பாருங்கள்.

கோதுமை மாப் பசையைக் கரப்பானும் எலியும் விரும்பும். புத்தகம் கட்டுவோர் சிறிது மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு என்பது தோட்டம் செய்த உங்களுக்குத் தெரியும். முன்பள்ளிக்குச் செல்லும் பெட்டிகளில் அதனைச் சேர்க்கக் கூடாது.

மடித்தபின் அச்சிடுவது சிரமம். ஆகவே தட்டையாக இருக்கும்போதே அச்சிடுங்கள். சிலுவை வடிவத்தில் ஒவ்வொரு சுவரிலும் எழுத்தின் அடி நடுவை நோக்கியிருக்க வேண்டும். மூடிக்கு இது மறுவளம். எழுத்தின் தலை நடுவை நோக்க வேண்டும். இதை மறந்தால் பெட்டியில் ‘கரம்’ தலைகீழாக நிற்கும். தகட்டில் எழுத்து வெட்டி மை ஒற்றுவதே செலவு குறைந்த முறை. ‘க’ போன்ற எழுத்துக்களில் மூடிய பகுதி வெட்டுண்டு விழாதபடி சிறு பாலம் விட வேண்டும். றப்பர் அச்சாயின் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

மூடியின் உட்புறத்தில் வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1, ஸ்ரைக்கர் 1 என்று அச்சிடுங்கள். இதுவே பெட்டியின் மிகப் பயனுள்ள அச்சு. இரவல் கொடுப்பவரும் வாங்குபவரும் அதைப் பார்த்து எண்ணிக்கொள்வர், சண்டை குறையும். வெளியே வாங்குபவரின் பெயரையோ வாசிகசாலையின் பெயரையோ அவர் கேட்டபடி இடலாம். ‘இடம்பெயர்ந்தோர் தயாரிப்பு’ என்று மட்டும் அச்சிட வேண்டாம். இரக்கத்துக்காக வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார்.

எல்லா விளையாட்டுக்கும் மட்டைப் பெட்டி வேண்டும் என்பதில்லை. பாண்டி விளையாட 14 குழிக்கும் ஐந்தைந்தாக 70 விதைகள் வேண்டும். அவற்றுக்குப் பனங்கட்டிக் குட்டான் போல இழைத்த ஓலைப்பெட்டியே சிறந்தது. விதைகளாகப் புளியங்கொட்டையைப் போடுங்கள். குன்றிமணி அழகுதான், ஆனால் குழந்தை கடித்து விழுங்கினால் உயிராபத்து.

விலை சொல்வதற்கு முன் மட்டை, மை, பசை, துணி, பழுதான துண்டுகள் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். பின்னர் உங்கள் கூலியையும் சேருங்கள். வெங்காயம் விற்றபோது எம்மவர் விதைக்கும் உரத்துக்கும் கணக்குப் பார்த்தனர்; வீட்டார் குனிந்து புல்லுப் பிடுங்கிய நாட்களுக்கு எவரும் கணக்குப் பார்க்கவில்லை. பத்துப் பெட்டி செய்ய எத்தனை மணித்தியாலம் சென்றது என்று கொப்பியில் குறித்து, அதனைப் பத்தால் பிரித்து ஒரு பெட்டிக்கான கூலியைக் கண்டுகொள்ளுங்கள். முதற் பெட்டியை விற்காமல் மாதிரிக்கு வைத்திருங்கள். அதன் அடியில் அளவுகளைப் பென்சிலால் எழுதிவைத்தால் அடுத்த முறை மீண்டும் அளக்க வேண்டியதில்லை.