இரண்டு உருவங்களுக்கு நடுவே

அன்புள்ள மருமகளுக்கு,

தம்பியின் பம்பிள்பீ என்ற, காரிலிருந்து ரோபோவாக மாறும் பொம்மையைப் பற்றி நீ நோட்டில் எழுதி, அம்மா படமெடுத்து அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். பெட்டி, நிறம், விலை, சினிமாவில் வரும் சண்டை என்று எல்லாம் தெளிவாக எழுதிவிட்டு, கடைசியில் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறாய். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இன்னொரு பிள்ளை இதைப் படித்தால், அவனுக்குத் தெரிந்தாக வேண்டிய ஒரு விஷயம் மட்டும் இதில் இல்லை. காரை ரோபோவாக மாற்றும்போது உன் கையில் என்ன நடந்தது?

பிளாஸ்டிக் அச்சு செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை விடாது. சாதாரணப் பொம்மைக்கு ஒரே உருவம். அது பார்க்க நன்றாக இருந்து, உடையாமல் இருந்தால் போதும். உருவம் மாறுகிற பொம்மையில் காரும் ரோபோவும் ஒரே பிளாஸ்டிக் துண்டுகளிலிருந்து வர வேண்டும். காருக்குக் கதவாக இருப்பது ரோபோவுக்கு என்ன ஆகும், சக்கரம் எங்கே ஒளியும், தலை எந்தப் பொந்திலிருந்து வெளிவரும் என்று ஒருவர் மாதக்கணக்கில் யோசித்துத்தான் அது உன் கைக்கு வருகிறது. அந்த யோசனை நன்றாக அமைந்ததா என்று சொல்வதுதான் விமர்சகரின் முதல் வேலை. காரின் அழகையும் ரோபோவின் அழகையும் பெட்டியில் உள்ள படமே சொல்லிவிடும்.

இந்தப் பொம்மைகளின் கதை கொஞ்சம் தெரிந்தால் உனக்கு உதவும். ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980இல் டயாக்ளோன் என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. பிறகு மைக்ரோ சேஞ்ச் என்ற வரிசை வந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அவற்றின் உரிமையைப் பெற்று, 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்றது. பொம்மை முதலில் இருந்தது, கதை பின்னால் எழுதப்பட்டது. மார்வெல் காமிக்ஸில் இருந்த பாப் புடியான்ஸ்கி என்பவர் பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்தார். அப்போது பெட்டியின் பின்பக்கம் ஒவ்வொரு ரோபோவுக்கும் பலம், புத்தி, வேகம், துணிச்சல் என்று பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண் அட்டை இருக்கும். சிவப்புத் தாள் வழியாகப் பார்த்தால்தான் கோடு தெரியும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதற்காகவே பெட்டியை வெட்டி வைத்துக்கொண்டார்கள். பத்துக்கு இத்தனை என்று எண் போடும் வேலையைக் கம்பெனியே அப்போது செய்துவிட்டது. அது கதாபாத்திரத்துக்குப் போட்ட மதிப்பெண். பொம்மைக்குப் போட வேண்டியது நீ. அதையும் எண்ணாக இல்லாமல் வாக்கியமாக எழுதினால்தான் நான் படிப்பேன்.

2007இல் மைக்கேல் பே எடுத்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படம் வந்தபோது, பொம்மை முதலில், கதை பின்னால் என்ற முறை தலைகீழானது. முதலில் சினிமாவுக்கு ரோபோவை வரைந்தார்கள், பொம்மை செய்கிறவர்கள் அதைப் பின்தொடர வேண்டியதாயிற்று. அந்தப் படத்தில் வரும் ஆப்டிமஸ் பிரைம் என்ற ரோபோவைக் கம்ப்யூட்டரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளால் கட்டினார்கள். திரையில் ஒரு துண்டு இன்னொன்றின் ஊடாகப் புகுந்து போனாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. நம் ஷங்கரின் எந்திரன் படத்தில் சிட்டி ரோபோக்கள் ஒன்றுசேர்ந்து உருண்டையாகவும் பாம்பாகவும் மாறுகின்றனவே, அங்கேயும் இதே சலுகைதான். அவற்றுக்குக் கீல் வேண்டாம், திருகு வேண்டாம். உன் தம்பியின் கையில் இருப்பதற்கு இரண்டும் வேண்டும். பதினோரு சென்டிமீட்டர் உயரமே உள்ள டீலக்ஸ் அளவுப் பொம்மைக்குள் அதிகமாகப் போனால் சில டஜன் துண்டுகளை அடக்கலாம். ஆகவே ஒவ்வொரு சினிமா ரோபோ பொம்மையிலும் எதையோ ஒன்றை விட்டுக்கொடுத்திருப்பார்கள். அது எது என்று கண்டுபிடி. உன் கட்டுரையின் முதல் பத்தி அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன், பொம்மையை எடுத்து வைத்துக்கொண்டு படி. படத்தில் பம்பிள்பீயின் நெஞ்சு காரின் முன்பகுதியிலிருந்து வருகிறது, கதவுகள் முதுகில் இறக்கைபோல நிற்கின்றன. உன்னுடையதில் நெஞ்சில் தெரியும் அந்த விளக்குகள் காரின் நிஜ விளக்குகளா? சினிமாவை ஒட்டி வந்த பல பொம்மைகளுக்கு நெஞ்சு தனித் துண்டு. காராக இருக்கும்போது அது உள்ளே பதுங்கியிருக்கும். ரோபோவாக மாறும்போது நிஜமான முன்பகுதி மடிந்து முதுகுக்குப் போய்விடும், பதுங்கியிருந்தது வெளியே வரும். ரசிகர்கள் இதைப் போலி நெஞ்சு என்பார்கள். 1984இல் வந்த, லாரியிலிருந்து மாறும் ஆப்டிமஸ் பொம்மையில் லாரியின் கண்ணாடிதான் நெஞ்சுக் கண்ணாடி, அதில் எந்த ஏமாற்றும் கிடையாது. போலி நெஞ்சைப் பார்த்தவுடன் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சினிமா உருவத்தின் அளவுகள் காரின் அளவுகளோடு பொருந்தவே பொருந்தாது என்றால் வேறு வழி என்ன? நான் பார்ப்பது, மிச்சமான கார்த் துண்டுகள் எங்கே போய் உட்கார்ந்தன என்பதை. கிப்பிள் என்று சொல்கிறார்களே, அந்த மிச்சம். கை, கால்களோடு ஒட்டி மடிந்துவிட்டால் நல்ல வேலை. முதுகில் முழுக் கார் ஓட்டையும் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டு, ரோபோ பின்னால் சாய்ந்து விழுகிறது என்றால், வடிவமைத்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். நிற்க வைத்துப் பார், விழுந்தால் விழுந்தது என்று எழுது.

இதையெல்லாம் புரிந்துகொள்ள உங்கள் பக்கத்துப் பாம்பன் பாலத்தை விட உனக்கு நல்ல பாடசாலை கிடையாது. 1914 பிப்ரவரி 24இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, சிகாகோவின் வில்லியம் ஷெர்சர் கண்டுபிடித்த உருளும் தூக்குப்பால வகை. அதன் இரண்டு பாதிகளும் வெறும் கீலில் எழுந்து நிற்கவில்லை. அடிப்பகுதி கால்வட்டமாக வளைந்திருந்தது. மேலே எழும்போதே அந்த வளைவு தண்டவாளம்போன்ற பாதையில் பின்னால் உருண்டது. அதனால் பாரம் ஒரே முளையில் விழவில்லை, கப்பலுக்கு வழியும் தாராளமாகக் கிடைத்தது. ஆட்கள் நின்று கையால் சுழற்றியே திறந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. இரண்டு பாலத்துக்கும் வேலை ஒன்றுதான், ரயிலையும் விட வேண்டும், கப்பலையும் விட வேண்டும். போன வழி வேறு. ஒரே பம்பிள்பீயைப் பத்து விதமாகச் செய்து விற்கிறார்களே, அவற்றை ஒப்பிடும்போது இப்படித்தான் பார்க்க வேண்டும். எந்த வழி எளிது, எந்த வழியில் பாரம் எங்கே விழுகிறது என்று.

இன்னொரு பாடமும் அந்தப் பாலத்தில் இருக்கிறது. நடுப்பகுதி இறங்கிய பிறகு சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொண்டால்தான் ரயிலை விடுவார்கள். உன் பொம்மையிலும் கார் உருவத்தில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் காடியில் போய் உட்கார வேண்டும். மாற்றி முடித்ததும் மேசைமேல் வைத்து உருட்டிப் பார். கதவு ஓரம் பிளந்துகொண்டு எழுந்தால், பூட்டு சரியில்லை. ஆனால் அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதே. முதலில் விளக்கத்தாளைப் பார்த்து மாற்று, பிறகு தாள் இல்லாமல் மாற்று, ஒரு வாரம் கழித்து மறுபடியும் மாற்று. முதல்முறை பொருந்தாத பல துண்டுகள் மூன்றாம்முறை பொருந்தும். கம்பெனியே வெளியிடும் படங்களில்கூடச் சில நேரம் ஒரு துண்டு தவறாகத் திரும்பியிருக்கும். பெட்டியில் எத்தனை படிகளில் மாறும் என்று போட்டிருக்கும் எண்ணை நம்பியும் முடிவுக்கு வராதே. குறைந்த படியில் சலிப்பூட்டுகிற பொம்மையும் உண்டு, நிறையப் படி இருந்தும் விரல் தானாக வழி கண்டுபிடிக்கிற பொம்மையும் உண்டு. எந்தப் படியில் உனக்குச் சிரிப்பு வந்தது, எந்தப் படியில் உடைந்துவிடுமோ என்று பயந்து தம்பியைத் தொடவிடாமல் தடுத்தாய் என்று எழுது. அதுதான் விலையுள்ள செய்தி.

பயப்பட வேண்டிய இடங்களும் சில உண்டு. வளைக்கும்போது பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு விழுந்தால் அங்கே அழுத்தம் அதிகம், அடுத்த தடவை விரிசல்தான். கீலுக்குள் செருகிய இரும்புப் பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை உற்றுப் பார். துளை இறுக்கமாக இருந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு புறப்படும். தங்க நிறம் மின்னுகிற பழைய பொம்மை எதையாவது யாரேனும் கொடுத்தால் பதமாக எடு. ஒருவகைப் பழைய தங்கநிறப் பிளாஸ்டிக் காலம் போகப்போகத் தானே நொறுங்கும்.

இப்போது உங்கள் ஊருக்கே உரிய சோதனைக்கு வருகிறேன். மற்ற இடத்து விமர்சகர்களால் இதை எழுத முடியாது. உப்புக்காற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுக்கிறதே, அது பொம்மையின் பின்னையும் திருகையும் விட்டுவைக்குமா? புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், முழுக்கப் பற்றவைத்த இணைப்புகளும், பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டதற்குக் காரணம் இந்தக் காற்றுதான். உப்பு முதலில் போய் உட்காருகிற இடம் இணைப்பு. பொம்மையில் திருகுத் தலைகள் வெளியே தெரிகின்றனவா, மூடிக்குள் இருக்கின்றனவா என்று எண்ணி எழுது. மூன்று மாதம் கழித்து அதே திருகுகளைப் பார்த்து மறுபடி எழுது. வெள்ளைத் துண்டுகளை வெயில் மஞ்சளாக்கும், ஆகவே ஜன்னல் ஓரத்தில் அடுக்காதே. தனுஷ்கோடிக்கு எடுத்துப் போனாயானால் மணல் பந்துமூட்டுக்குள் போய்விடும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, நிழலில் முழுக்க உலரவிடு. மூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதே, பிசுக்கு மேலும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டு தளர்ந்தால், நிறமில்லாத நகப்பூச்சைப் பந்தின்மேல் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டு. கை மறுபடியும் தூக்கிய இடத்தில் நிற்கும்.

விலையைப் பற்றி நீ ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய். அது போதாது. வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மைக்கு 2020இல் சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70 ஆனது. படகுக்குப் போய்த் திரும்புகிற ஒரு வீட்டில் இவ்வளவு பணம் ஒரு பொம்மைக்கு வருவது ஆண்டில் ஒரு தடவை நடந்தால் பெரிது. அந்தப் பணத்தை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் எழுது. இந்தத் தொழிலுக்கு நம் மாநிலத்தோடு பழைய உறவும் உண்டு. எம்.ஆர்.எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் சென்னைக் கம்பெனி. அதன் தொழிற்சாலை ஒன்று ராணிப்பேட்டையில் இருக்கிறது. ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ என்ற பொம்மை வீரர்கள் இந்தியாவிலேயே வார்க்கப்பட்டுக் கடைக்கு வந்த காலமும் உண்டு.

விலை கட்டுப்படாதபோது பிள்ளைகள் போகிற இடம் டூப்ளிகேட். அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வழியில் சங்கும் சோழியும் விற்கிற கடைகளிலும், ஏர்வாடி சந்தனக்கூடு விழாக் கடைகளிலும் பிளாஸ்டிக் பொம்மைகள் தொங்குவதைப் பார்த்திருப்பாய். நம் ஊர்ப் பிள்ளைகள் நிஜமாக வாங்குவது இப்படிப்பட்டவற்றைத்தான், ஆகவே அவற்றையும் நீ விமர்சனம் செய்ய வேண்டும். அசலின் அச்சைப் பார்த்து அளவைப் பெரிதாக்கிச் செய்தவற்றில் சில, மாறுவதில் அசலுக்கு இணையாக இருக்கும். அதை மறைக்காமல் எழுது. கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து அதையும் எழுது. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைக்கு அது கட்டாயம். அந்தத் தரத்தில் ஒரு சோதனை உண்டு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழாய்க்குள் ஒரு துண்டு முழுசாக அடங்கிவிட்டால், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அது தொண்டையில் சிக்கும் ஆபத்து. ரோபோவின் துப்பாக்கி, கழன்று வரும் கை, ஏவுகணை எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். வீட்டில் தவழுகிற குழந்தை இருந்தால் எந்தத் துண்டுகளை எடுத்து வைக்க வேண்டும் என்று உன் கட்டுரையில் தனியாக ஒரு பத்தி வேண்டும்.

படம் எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொம்மைக்குப் பக்கத்தில் உன் ஸ்கேலை நிறுத்தி எடு. காராக ஒன்று, ரோபோவாக ஒன்று, பாதி மாறிய நிலையில் இரண்டு. முதுகுப் பக்கத்தைக் கட்டாயம் எடு, விளம்பரப் படத்தில் அதைக் காட்டவே மாட்டார்கள். அடுத்த மாதம் நான் வரும்போது பட்டறையிலிருந்து ஒரு வெர்னியர் காலிப்பர் கொண்டுவருகிறேன். நான் வருவதற்குள் பம்பிள்பீயின் நெஞ்சு நிஜமா போலியா என்று எழுதிப் போடு.

அன்புடன்,
மாமா
அம்பத்தூர்