தெளிப்பான் பேட்டரி செத்தால் எங்கே போகும்?

மூணு வருசமா பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் தெளிச்ச என் பேட்டரி தெளிப்பான் போன மாசம் நின்னு போச்சு. அதுக்கு முந்தி வைத்திருந்த தெளிப்பானில் கனமான ஈய பேட்டரி. அது செத்தப்போ பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் காசு கொடுத்தார்கள். இந்த லித்தியம் பேட்டரியை அதே கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது வேணாங்க, தீப்பிடிக்கும்" என்று கையிலேயே கொடுத்துட்டார்.

அவர் சொன்னது சரிதான். ஈய பேட்டரிக்குள் பெரும்பகுதி ஒரே உலோகம். 327 டிகிரி செல்சியஸில் ஈயம் உருகிவிடும். அதனால் அதற்கு எப்போதும் விலை உண்டு. (கொல்லையில் வைத்து ஈயம் உருக்குகிறவர்களால் மண்ணும் குழந்தைகளும் படும் பாடு தனிக்கதை.) லித்தியம் அயனி பேட்டரி அப்படி இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லும் சுருட்டிய பாய் மாதிரி. ஒரு அலுமினியத் தகடு, அதன்மேல் லித்தியம் கலந்த உலோகப் பூச்சு. ஒரு செம்புத் தகடு, அதன்மேல் கிராஃபைட் பூச்சு. நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். எல்லாம் எளிதில் பற்றிக்கொள்ளும் ஒரு திரவத்தில் ஊறிக் கிடக்கும். அந்தத் திரவத்தில் ஃபுளோரின் கொண்ட உப்பு ஒன்று கரைந்திருக்கிறது. எரிந்தாலும் ஈரம் பட்டாலும் அதிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு வரும். குப்பைமேட்டில் போட்டுக் கொளுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

ஆலையில் முதல் வேலை, மிச்சமிருக்கும் மின்சாரத்தை முழுதாக இறக்குவது. பிறகு உறையைப் பிரித்து, செல்களை அரவை எந்திரத்தில் போடுகிறார்கள். திறந்த காற்றில் அரைத்தால் பற்றிக்கொள்ளும் என்பதால், நைட்ரஜன் போன்ற வாயு நிரப்பிய அறையிலோ தண்ணீருக்குள்ளோ அரைப்பார்கள். அரைத்ததைச் சலித்து, காந்தம் வைத்து, காற்றில் தூற்றிப் பிரிக்கிறார்கள். களத்தில் நாம செய்ற வேலைதான். இரும்பு, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் தனித்தனியாக வந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது மை போல ஒரு கருந்தூள். கிராஃபைட், லித்தியம், நிக்கல், கோபால்ட், மாங்கனீசு எல்லாம் அதில்தான் கலந்து கிடக்கின்றன.

அந்தத் தூளை கந்தக அமிலத்தில் கரைக்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ப்பதுண்டு. பிறகு புளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியும், வேறு கரைப்பான்களைச் சேர்த்தும் ஒவ்வொரு உலோகமாகப் பிரிப்பார்கள். கோபால்ட்டும் நிக்கலும் சல்பேட் உப்பாகக் கிடைக்கும். பெரும்பாலும் கடைசியில் வருவது லித்தியம்தான். சூடான கரைசலில் சலவைச் சோடா சேர்த்தால் லித்தியம் கார்பனேட் வெள்ளைத் தூளாகப் படியும். இன்னொரு முறையில் மொத்தத்தையும் 1400 டிகிரிக்கு மேல் உலையில் உருக்குவார்கள். அதில் கோபால்ட், நிக்கல், செம்பு கிடைக்கும், கிராஃபைட் எரிந்துபோகும், லித்தியம் கசடோடு போய்விடும்.

மறுசுழற்சின்னதும் நமக்கு எருக்குழி ஞாபகம் வரும். இது அந்த மாதிரி இல்லீங்க. அமில முறையில் சோடியம் சல்பேட் உப்பு ஏராளமாக மிஞ்சும். அந்த உப்புத் தண்ணீரை ஆலைக்காரர் ஒழுங்காகச் சுத்திகரிக்காவிட்டால் பக்கத்துக் கிணறு போச்சு. ஆனாலும் காங்கோவில் கோபால்ட்டுக்காகவும், சிலியின் அட்டகாமா பாலைநிலத்தில் லித்தியத்துக்காகவும் புதுசாகத் தோண்டி உறிஞ்சுவதைவிட இது மேல் என்றே நான் நினைக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஆலைக்கு இலாபம் தருவது கோபால்ட்டும் நிக்கலும்தான். நம்ம தெளிப்பான், சூரிய வேலி, சோலார் விளக்கு இவற்றில் வருவதோ பல நேரம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அதில் அந்த இரண்டும் கிடையாது. லேபிளைப் பாருங்கள்: 3.2 வோல்ட், 12.8 வோல்ட் என்றிருந்தால் பொதுவாக அது இரும்பு பாஸ்பேட். 3.7, 11.1 என்றிருந்தால் நிக்கல் அல்லது கோபால்ட் இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பு பாஸ்பேட் பேட்டரி தீப்பிடிப்பது குறைவு, ஆயுசும் அதிகம். ஆனால் செத்த பிறகு காசு கொடுத்து வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். பேரில் பாஸ்பேட் இருக்கே என்று உடைத்து வயலில் போடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்!

விலை இல்லாததை யார் எடுப்பார்கள்? அதற்குத்தான் 2022-இல் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. பேட்டரி செய்கிறவர்கள் மட்டுமல்ல, பேட்டரி வைத்த கருவியை இறக்குமதி செய்து விற்கிறவர்களும் பழையதைத் திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய்யணும், மறுசுழற்சிக்கு அனுப்பணும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவும் செய்யணும். நம் பங்கு, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாக ஒப்படைப்பது. ஆகவே புதுத் தெளிப்பான் வாங்கும்போதே "பழைய பேட்டரியை எங்கே கொடுக்கணும்?" என்று கடையில் கேளுங்கள். நான் கேட்டபோது கடைக்காரர் சிரித்தார். பத்துப் பேர் கேட்டால் சிரிக்க மாட்டார்.

கொடுக்கும் வரை வீட்டில் வைப்பதிலும் கவனம் வேணும். இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். உப்பிப்போன பேட்டரியைக் குத்தவோ, பிரிக்கவோ, மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதும் ஆலை வேலை, வீட்டு வேலை அல்ல. வைக்கோல் போர், மாட்டுக்கொட்டகை பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

என் பேட்டரி இப்போது ஒரு மண்சட்டியில், காய்ந்த மணலுக்குள், வீட்டுக்கு வெளியே நிழலில் இருக்கு. எங்க குழுவில் இன்னும் நாலு பேரிடம் இதே மாதிரி கிடக்கிறதாம். எல்லாவற்றையும் சேர்த்து, பேட்டரிக் கழிவு எடுக்கப் பதிவு பெற்ற இடம் ஒன்றுக்கு அடுத்த மாசம் கொண்டுபோவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.