தொடக்கச் சோதனை பாதியில் நின்றால்

விண்டோஸ் திறக்கும் முன் ஓடும் ஆன்டிவைரஸ் சோதனை பாதியில் நின்றால், முதலில் கவனிக்க வேண்டியது மின்சாரம். கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில், போடி ஏலக்காய்க் கடைகளின் பில் போடும் கணினிக்கு யூபிஎஸ் அவசியம். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டே சோதிக்க வேண்டும்.

மின்சாரம் சீராக இருந்தும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா? ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருக்கலாம். கணக்குக் கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. அதன் பிறகே சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில், டூல்ஸ் பகுதியில் உள்ள ‘செக்’ பொத்தானை அழுத்தலாம்.

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குவது நல்லது.

மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனை சுமார் 15 நிமிடங்களில் முடிந்து, கணினி தானே ரீஸ்டார்ட் ஆகும். அது கோளாறு அன்று. முடிவு ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் இருக்கும்.